இரண்டு கையிலும் தடி

தட்டில் விழும் அடியைச் சத்தமாக்கும் பெட்டியை, அதாவது எலெக்ட்ரோனிக் டிரம் மொடியூலை, வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, இதில் எத்தனை சத்தம் இருக்கிறது என்பதுதான். கடைக்காரரும் அதற்கே விடை வைத்திருப்பார். 300, 700, 1000 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். அந்தச் சத்தங்களில் வேண்டிய ஒன்றை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை அழுத்தலில் எடுக்கலாம் என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மேடையில் மானம் போவதும் நிற்பதும் அந்த இடத்தில்தான்.

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். பகலில் மென்பொருள் வேலை. பின்னேரங்களில் சுற்றுவட்டாரத்து இசைக்குழுக்களின் சாமான்கள் பழுதென்று வீட்டுக்கு வரும். பரந்தன், தருமபுரம், விசுவமடு, சில வேளை மாங்குளத்துக்கு அப்பாலிருந்தும் வருவார்கள். மிக்சர், கீபோர்ட், அம்ப், எல்லாவற்றையும் விட அதிகமாக ஒக்டபாட், அதாவது எட்டு ரப்பர்த் தட்டுகளைத் தடியால் அடித்து வாசிக்கும் மின்டிரம். பழுதென்று வரும் ஒக்டபாட்களில் நல்ல பங்குக்கு உள்ளே ஒரு கோளாறும் இருப்பதில்லை. "தம்பி, மூண்டாம் தட்டு செத்துப்போச்சு" என்று மேசையில் வைப்பார்கள். பார்த்தால் அந்தத் தட்டின் ஒலியளவு பூச்சியத்தில் நிற்கும். எட்டாம் தட்டை அடித்தால் ஏழாவதும் சேர்ந்து கத்துகிறது என்பார்கள். உணர்திறன் எண்ணை யாரோ உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுக்கவே தேவையில்லை. நாலு பொத்தானை அழுத்திச் சரிசெய்து கொடுத்தால், என்ன மாற்றினாய் என்று கேட்பார்கள். சொன்னாலும் அடுத்த திருவிழாவுக்குள் மறந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றை ஆண்டுக்கு ஒரு தடவை தேடுகிறவருக்கு அது எப்படி நினைவில் நிற்கும்?

இந்த எரிச்சலில்தான் நானே ஒரு சின்ன மொடியூல் கட்டத் தொடங்கினேன். சத்தம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, முகப்பு ஒழுங்காக இருக்கட்டும் என்ற எண்ணம்.

மின்டிரம்களின் முகம் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1981-இல் இங்கிலாந்தின் சிமன்ஸ் நிறுவனம் வெளியிட்ட எஸ்டிஎஸ்-5 அறுகோணத் தட்டுகளுக்காகப் பெயர்பெற்றது. அதில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனிப் பலகை, அந்தப் பலகையில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் சத்தம் மாறும், மறைவாக ஒன்றுமில்லை. பிறகு எண்முறை வந்தது, நினைவகம் மலிந்தது. ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான சத்தம், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு அமைப்பு. அத்தனைக்கும் குமிழ் வைக்க இடமும் இல்லை, செலவும் கட்டாது. ஒரு திரை, சில பொத்தான்கள், ஒரு சுழற்றி என்று சுருக்கிக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் மெனுவுக்குள் தள்ளிவிட்டார்கள். ஜப்பானின் றோலண்ட் நிறுவனத்தின் முதல் ஒக்டபாட் 1985-இல் வந்தபோது அதற்குள் சொந்தமாகச் சத்தமே கிடையாது. எட்டுத் தட்டுகளும் மிடி வழியாக, அதாவது மின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையில், வேறு கருவியை ஒலிக்கவைக்கும், அவ்வளவுதான். அதன் வழியில் 1998-இல் வந்த எஸ்பிடி-20-இல் 700 சத்தம், 99 கிட். கிட் என்பது எட்டுத் தட்டுக்கும் சேர்த்து ஒழுங்குபடுத்திய ஒரு சத்தத் தொகுப்பு. எங்கள் பக்கத்து மேடைகளில் நான் அதிகம் கண்டதும் திறந்து துடைத்ததும் அதைத்தான்.

எஸ்பிடி-20-ஐப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டும். அதில் கிட் எண் சிவப்பு வெளிச்சத்தில் எரியும். பெயர் வராது, எண் மட்டும்தான். 2010-இல் வந்த எஸ்பிடி-30-இல் பெயர்களோடு கூடிய திரை வந்துவிட்டது. கடையில் வைத்துப் பார்த்தால் திரைதான் வசதி. மேடையில் எனக்கென்னவோ சிவப்பு எண்தான் வென்றது. இடைமுக வடிவமைப்புப் பாடங்களில் முதலில் சொல்லித் தருவது, பயனரை நினைவில் வைத்திருக்கச் செய்யாதே, கண்ணால் கண்டு தெரிவு செய்ய விடு என்பது. வங்கி இணையத்தளத்துக்கு அது முழுக்கச் சரி. ஆனால் மேடையில் இருப்பவர் நூறு தடவை ஒத்திகை பார்த்தவர். 23 என்றால் டோலக், 41 என்றால் குத்துப்பாட்டு என்று கை சொல்லும். அவருக்குத் தேவை, தான் 23-இல்தான் நிற்கிறேனா என்று நின்றபடி ஒரு வெட்டுப் பார்வையில் உறுதிசெய்வது. அதற்கு இரண்டு பெரிய இலக்கம் போதும். பதினாறு எழுத்துப் பெயரைக் குனிந்து வாசிக்க அவருக்கு நேரமில்லை.

எங்கள் மேடையை நீங்கள் கொஞ்சம் கற்பனை செய்யவேண்டும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் காலம் இந்தப் பக்கம் கோயில்களில் இரவு நிகழ்ச்சிகள் சூடுபிடித்திருக்கும். லைற் எல்லாம் பாடகர்கள் மேல் விழும். தாளக்காரர் பின்னுக்கு, ஸ்பீக்கர் பெட்டியின் நிழலில் இருப்பார். ஜெனரேற்றர் மூச்சு வாங்கும்போதெல்லாம் வெளிச்சம் ஒரு தரம் மங்கி எழும்பும். வயல்வெளிக்குப் பக்கத்துக் கோயில் என்றால் பூச்சி. பளிச்சென்ற வெள்ளைத் திரையை வைத்தீர்களோ, மழை பெய்து விட்ட இரவில் ஈசல் வந்து அதை மூடிவிடும். எந்த ஆய்வுகூடத்திலும் இந்தச் சோதனையை வைத்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். என்னுடைய மொடியூலில் மேடையில் எரிவது மங்கலான சிவப்பு இலக்கம் மட்டும். சிவப்புக்குப் பூச்சி குறைவாகவே வரும், இருட்டுக்குப் பழகிய கண்ணையும் அது கெடுக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவரது இரண்டு கையிலும் தடி இருக்கிறது. மொடியூல் வடிவமைக்கிறவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். விரல் நுனிக்கு அளவான பொத்தான்களை நெருக்கி நெருக்கி வைத்திருப்பார்கள். தடியைப் பிடித்திருப்பவருக்கு விரல் நுனி ஏது? கவனித்துப் பாருங்கள், அவர்கள் தடியின் அடிப்பக்கத்தால்தான் பொத்தானை இடிப்பார்கள், அல்லது சின்ன விரலின் மூட்டால் தட்டுவார்கள். ஒன்றுக்கு இரண்டு பொத்தான் அமுங்கும். ஒரு இலக்கைத் தொட எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் சூத்திரமாகவே எழுதிவைத்தார். தூரம் கூடினால் நேரம் கூடும், அகலம் கூடினால் குறையும். அந்தச் சூத்திரத்தை மொடியூலின் முகப்பில் போட்டுப் பார்த்தால், எதைப் பெரிதாக்கவேண்டும் என்று தேடிப்போக வேண்டியதில்லை. அங்கே ஏற்கெனவே எட்டுப் பெரிய இலக்குகள் இருக்கின்றன. தடியால் அடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. தட்டுகள்.

ஆகவே கிட் மாற்றுவதைத் தட்டுகளிடமே கொடுத்தேன். காலடியில் ஒரு சுவிட்ச். அதை அமத்திப் பிடித்திருக்கும்வரை தட்டுகள் ஊமை. முதல் அடி எந்த வரிசை என்பதைச் சொல்லும், இரண்டாவது அடி அந்த வரிசையில் எந்தக் கிட் என்பதைச் சொல்லும். எட்டெட்டு 64 கிட். காலை எடுத்ததும் புதிய கிட் வந்து நிற்கும். பாட்டின் இரண்டு சரணத்துக்கு நடுவில் ஒரு தாளக்கட்டு ஓடும் நேரத்துக்குள் இது முடிந்துவிடுகிறது, கண் கீழே போகவே தேவையில்லை. சந்தையில் இருக்கும் பெரும்பாலான மொடியூல்களிலும் பின்னால் கால்சுவிட்சுக்கு ஒரு துளை உண்டு. அடுத்த கிட், முந்திய கிட் என்று நகர்த்தலாம். எங்கள் பக்கம் அந்தத் துளையில் தூசியைத் தவிர வேறொன்றும் நுழைந்ததை நான் காணவில்லை. கால்சுவிட்ச் பெட்டிக்குள் வருவதில்லை, தனியாக வாங்கவேண்டும். அதுதான் காரணம். மேடையில் மிகவும் தேவையான ஒன்றைத் தனியாக விற்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத வியாபாரம்.

தட்டையே தெரிவுக் கருவியாக்குவது புதிதல்ல. றோலண்டின் வி-டிரம்ஸ் மொடியூல்களில், அமைப்புத் திரையில் இருக்கும்போது எந்தத் தட்டை அடிக்கிறீர்களோ அதன் பக்கம் தானே திறக்கும். கம்பியூட்டரில் எலியால் சொடுக்குவதற்குச் சமம் அது. கஷ்டம் என்னவென்றால், ஒரு தட்டைச் சரிசெய்துகொண்டே மற்றவற்றையும் அடித்துப் பார்க்கத் தோன்றும், பக்கம் ஓடிவிடும். அதற்காகப் பூட்டு என்று ஒரு வசதியும் வைத்தார்கள். இப்போது பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது இன்னொரு நினைவுச் சுமை.

இங்கேதான் லாரி டெஸ்லர் ஞாபகம் வருகிறார். வெட்டி ஒட்டும் வழியைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், 2020-இல் காலமானார். ஒரே பொத்தான் ஒரு நேரம் ஒன்றைச் செய்து, வேறொரு நேரம் வேறொன்றைச் செய்யும் நிலைமாற்றங்களை அவர் அடியோடு வெறுத்தார். தன் கார் இலக்கத்தகட்டையே 'நோ மோட்ஸ்' (நிலைமாற்றம் வேண்டாம்) என்று வைத்திருந்தார். டிரம் மொடியூல் இந்த நோயின் கண்காட்சி. ஒரே சுழற்றி முகப்புத் திரையில் கிட்டை மாற்றும், உள்ளே போனால் சுருதியை மாற்றும், இன்னும் உள்ளே போனால் எதிரொலியின் நீளத்தை மாற்றும். பின்னேரம் ஒத்திகையில் யாரோ உள்ளே போய்விட்டு வெளியே வராமல் விட்டால், இரவு மேடையில் கிட் மாற்றுவதாக நினைத்துச் சுழற்றுபவர் தவிலின் சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கிவிடுவார். "மூண்டாம் தட்டு செத்துப்போச்சு" என்று எனக்கு வருவதில் பாதி இந்த வழியில் வந்ததுதான்.

சில நொடி தொடாமல் விட்டால் தானாக முகப்புக்குத் திரும்பட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சத்தத்தைச் சரிசெய்கிறவர் அடித்துக் கேட்டு யோசிக்கும் நேரத்தில் திரை காலுக்குக் கீழ் நழுவினால் அது இன்னொரு எரிச்சல். நான் போட்டது பழங்காலத்து வழி: பக்கவாட்டில் ஒரு தள்ளுசுவிட்ச். ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் அமைப்பு. மேடையில் இருந்தால் கிட்டையும் மொத்த ஒலியளவையும் தவிர ஒன்றையும் மாற்ற முடியாது. எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கக்கூடத் தேவையில்லை, விரலால் தடவினால் தெரியும். மின்சாரம் போய் வந்தாலும் சுவிட்ச் அதே பக்கம்தான் நிற்கும். மென்பொருள்காரர்கள் எல்லாவற்றையும் திரைக்குள் தீர்க்கப் பார்க்கிறோம். தொட்டு அறியக்கூடிய ஒரு சுவிட்ச் சில வேளை ஆயிரம் வரி நிரலை விடப் பெரிய வேலை செய்யும்.

இனி, இந்தத் துறையில் மோசமாகச் செய்யப்படும் பகுதிக்கு வருகிறேன். தட்டின் உணர்வை அமைப்பது.

ரப்பருக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஒரு பியசோ வில்லை. அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். அடியின் பலத்தைப் பொறுத்து அழுத்தம் கூடும், பிறகு அலைஅலையாகத் தணியும். அந்த அலைகளின் உச்சம் வரும்வரை மொடியூல் ஓரிரு மில்லிசெக்கன் காத்திருக்கவேண்டும். அதற்கு ஒரு எண். அதன் பின்னால் வரும் சின்ன அலைகளைப் புதிய அடி என்று நினைத்துவிடக்கூடாது, ஆகவே கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளவேண்டும். அதற்கு ஒரு எண். எவ்வளவுக்குக் கீழே இருந்தால் அடியே இல்லை என்று கொள்வது, அதற்கு ஒன்று. பக்கத்துத் தட்டின் அதிர்வு சட்டத்தின் வழியாகக் கசிந்து வருவதைத் தள்ளிவிட இன்னொன்று. மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் இடையே மிடியின் 1 தொடக்கம் 127 வரையான அளவை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு வளைவு. எட்டுத் தட்டுக்கும் இத்தனையும் பெருக்கினால் நாற்பது எண். இவற்றைச் சின்னத் திரையில் அடக்குவதற்காக உயிரெழுத்தெல்லாம் பிடுங்கப்பட்ட ஆங்கிலச் சொற்களாக எழுதி, பக்கத்தில் ஒரு எண்ணை வைத்து, கூட்டு, குறை என்று விட்டுவிடுகிறார்கள்.

உடம்பை அளக்காமல், உன் தோள் எத்தனை அங்குலம் என்று வந்தவரிடமே கேட்கும் தையல்காரரைப் போன்றது இது. தெரிந்தால் அவர் ஏன் வரப்போகிறார்? அளவு நாடா மொடியூலிடம்தான் இருக்கிறது. எட்டு உணரிகள் உள்ளே இருக்கின்றன. கேட்கவேண்டிய கேள்வி எண்ணில் இல்லை, அடியில்தான். மெல்ல அடி. இப்போது நீ வழமையாக அடிக்கும் மாதிரி அடி. இப்போது உன் பலம் முழுவதையும் காட்டு. மூன்று விதமாகச் சில அடிகள் வாங்கினால் போதும். கீழ் எல்லை, மேல் எல்லை, வளைவு மூன்றையும் கணக்கிட்டுவிடலாம். ஒன்றை அடிக்கும்போது மற்ற ஏழிலும் எவ்வளவு கசிகிறது என்பதும் அதே அடிகளிலேயே கிடைத்துவிடுகிறது, தனியாகக் கேட்கத் தேவையில்லை. கடைசியில் அடித்தவருக்கு ஒரு எண்ணும் காட்டுவதில்லை. ஒரு பட்டை மட்டும் எழுந்து விழும், அதன் குறுக்கே ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் சத்தம், தாண்டாவிட்டால் இல்லை.

ஆள் மாறினால் இந்த அளவும் மாறும். டிரம்செட் பழகியவர் மணிக்கட்டால் அடிப்பார், தடி துள்ளி எழும்பிவிடும். தவில் பழகியவர் தடியை அழுத்தி வைப்பார், அலை வேறு வடிவத்தில் வரும். முள்ளியவளைப் பக்கத்து அண்ணை ஒருவர் காத்தவராயன் கூத்துக்கு உடுக்கு அடித்துப் பழகியவர், ஒக்டபாட்டிலும் விரலையே பாவிப்பார். அவருக்காகக் கோட்டை இறக்கினால், அடுத்து வரும் பெடியன் தடியோடு அடிக்கும்போது பக்கத்துத் தட்டெல்லாம் கூவும். ஆகவே இந்த அளவுகளைக் கிட்டோடு சேமிக்காமல் ஆளோடு சேமித்தேன். மொடியூலைத் திறந்ததும் யார் அடிக்கிறீர்கள் என்று கேட்கும். ஒரு அடியில் பதில் சொல்லலாம்.

பிழை வந்தால் காரணத்தைக் கருவியே சொல்லவேண்டும் என்பது என் இன்னொரு பிடிவாதம். "நாலாவதை அடித்தபோது ஐந்தாவதும் அதிர்ந்தது. இனி அதைப் புறக்கணிக்கவா?" என்று திரையில் வந்தால், பதில் ஆம் அல்லது வேண்டாம். இதைச் செய்யக் கடைசிச் சில அடிகளின் பதிவை நினைவகத்தில் வைத்திருந்தால் போதும். அதற்குச் சில நூறு பைட்டுக்கு மேல் ஆகாது.

திரையில் தமிழ் என்றதும் பலர் மொழிப்பற்று என்று நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் புள்ளிகளின் கணக்கு. மலிவான கருவிகளில் வரும் இரண்டு வரித் திரை பெரும்பாலும் ஹிட்டாச்சியின் எச்டி44780 என்ற சில்லின் வழிவந்தது. ஒரு எழுத்துக்குக் கிடைப்பது ஐந்துக்கு எட்டுப் புள்ளி. நாமாக வரைந்து போடக்கூடிய எழுத்து எட்டே எட்டு. அதற்குள் 'ணை'யை வரைய முயன்றவர்களுக்குத் தெரியும், பூச்சி நசுங்கியது போலத்தான் வரும். 128-க்கு 64 புள்ளி உள்ள சின்ன ஓஎல்இடி திரைக்கு மாறினால் பதினாறு புள்ளி உயரத்தில் நாலு வரி தமிழ் தெளிவாகவே கிடைக்கும்.

அடுத்த சிக்கல் எழுத்துகளின் வரிசை. கணினிகள் இன்று பாவிக்கும் யூனிகோட் முறையில் 'கொ' என்பது ககரத்துக்குப் பின்னால் ஒகரக் குறி. திரையில் வரவேண்டியதோ கொம்பு, ககரம், கால். கைப்பேசியில் இதை ஒழுங்குபடுத்த ஒரு பெரிய நிரல் இருக்கிறது, சின்னச் சில்லில் அதற்கு இடமில்லை. எனக்குக் கைகொடுத்தது எங்கள் அச்சகங்கள் இன்னும் விடாமல் பிடித்திருக்கும் பழைய எழுத்துருவான பாமினி. பாமினியில் கண்ணால் காணும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படும். கொம்பு முன்னால், எழுத்து பிறகு, கால் கடைசியில். சில்லுக்கு வேண்டியதும் அதுதான், இடமிருந்து வலமாக ஒவ்வொரு படமாக வைத்துக்கொண்டு போகலாம். கம்பியூட்டரில் யூனிகோடில் எழுதி, பாமினி வரிசைக்கு மாற்றி, அதன் படங்களை மொடியூலுக்குள் ஏற்றிவிடுகிறேன். யூனிகோட் வந்த பிறகு பாமினியைத் திட்டாத நாளில்லை என்று இருந்தவன் நான்.

ஆனால் தமிழ் மிகவும் உதவியது மெனுவில் அல்ல. கிட்டுக்குப் பெயர் வைக்கும் இடத்தில்தான். டோலக், தபேலா, ஸ்னேர் எல்லாவற்றையும் எந்த எழுத்தில் எழுதினாலும் வாசித்துவிடுகிறார்கள். தாங்கள் வைக்கும் பெயரை மட்டும் "காவடிக்கு", "தங்கச்சி பாடுறது", "கடைசிப் பாட்டு" என்று எழுதத் தொடங்கினார்கள். ஒத்திகையில் அடுத்த ஆளுக்கு விளக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. (மேடையில் அந்தத் திரை அணைந்துவிடும். ஈசல் கதையை மேலே சொன்னேன்.)

திரையைப் பற்றிப் பேசும்போது வேகத்தையும் சொல்லிவிடவேண்டும். அந்த ஓஎல்இடி திரைக்கு ஒரு முழுப் படம் 1024 பைட். சில்லையும் திரையையும் இணைக்கும் சாதாரண ஐ-ஸ்கொயர்-சி கம்பியில் 400 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் அதை அனுப்ப 23 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் சில்லு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றால், இடையில் விழுந்த அடி பிந்தும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் போகும். தாளக்காரர் தன் அடியைக் கேட்கும் மொனிற்றர் ஸ்பீக்கர் மூன்று மீற்றர் தள்ளி இருந்தாலே ஒன்பது மில்லிசெக்கன் காற்றில் போய்விட்டது. அதன் மேல் இன்னொரு இருபது என்றால் தாளக்காரருக்கு உடனே தெரியும். கருவியில் என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, "கை ஒட்டுது" என்பார். அழகான அசையும் படங்கள் போட ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தொடங்கட்டும். என் நிரலில் அடிக்குத்தான் முதலிடம். திரை துண்டு துண்டாக, ஓய்வு கிடைக்கும்போது வரையப்படும்.

கரண்ட் பற்றி நான் இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் வன்னி முழுக்க இருந்தன. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. திருவிழாவில் ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடும் இடைவெளி தனிக் கதை. ஆகவே, சேமிக்கவா என்று கேட்கும் கருவி இங்கே சரிவராது. கேள்வி திரையில் நிற்கும்போதே எல்லாம் அணைந்துவிடும். மாற்றம் செய்து கை ஓய்ந்ததும் தானாகச் சேமிக்கவேண்டும். ஒவ்வொரு சுழற்றலுக்கும் சேமிக்கவும் கூடாது. ஆர்டுவீனோ மின்பலகையில் வரும் ஏவிஆர் சில்லின் ஈப்ரொம், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம், ஒரு இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம் உள்ளது. அதனால் சுழற்றி ஓய்ந்து இரண்டு நொடி கழித்துச் சேமிக்கிறது.

தானாகச் சேமித்தால் தவறான மாற்றமும் சேமிக்கப்படும். அதற்காகத்தான் அமைப்பு நிலையில் "பழையபடி" என்று ஒரு பொத்தான். ஒவ்வொரு கிட்டுக்கும் கடைசியாக மேடையில் அடித்த நிலையின் பிரதி ஒன்று உள்ளே தனியாக இருக்கும், இதை அழுத்தினால் அது திரும்பிவிடும். என் வீட்டு மேசைக்கு வரும் பழுதுகளில் பெரும்பான்மையை இந்த ஒரு பொத்தான் தீர்த்துவிடும். என் பின்னேரத்து வருமானத்துக்கு அது நல்ல செய்தியில்லை.

தீராமல் இருப்பது உடுக்குதான். உடுக்கின் சத்தங்களைப் பதிந்து தட்டில் ஏற்றுவது சுலபம். ஆனால் உடுக்கை அடிப்பவர் ஒரு கையால் அடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்புக் கயிற்றை நெரிப்பார். நெரிக்க நெரிக்கச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும், அந்த விம்மல்தான் உடுக்கு. கையே இடைமுகம், மெனு ஒன்றுமில்லை. தட்டில் அடித்தால் கிடைப்பது பதிவான நேரத்தில் இருந்த ஒரே சுருதி. மிதியைப் போட்டுச் சுருதியை வளைக்கலாம். அண்ணை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "இது உடுக்கில்லைத் தம்பி, மோட்டச்சைக்கிள் எக்சிலேற்றர்" என்று காலை எடுத்துவிட்டார்.

இப்போது பரீட்சையில் இருப்பது ஒரு ரப்பர்ப் பிடி. உள்ளே அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் மெல்லிய உணரி. இடது கையில் பிடித்து நெரித்தால் சுருதி ஏறுகிறது. அடி வலது கை விரலால். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கும், அதன் பிறகு சுருதி மெல்ல நகரத் தொடங்கும். இந்த வகை உணரியில் அழுத்தம் நீடித்தால் அளவு வழுக்குவது அதன் இயல்பு. ஒவ்வொரு தடவை கையைத் தளர்த்தும்போதும் அந்த அளவையே புதிய பூச்சியமாக எடுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றியிருக்கிறேன். அண்ணை இன்னும் அடித்துப் பார்க்கவில்லை. நெல் வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.